மூன்று சென்டிமீட்டர் வடை

கெடா மாநிலத்தில் தீபாவளிக்குப் பலகாரம் சுட்டு விற்கும் சகோதரிகளுக்கு, கோலா கெடாவிலிருந்து ஒரு மடல்.

சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங் என்று ஊர் எதுவானாலும், புரட்டாசி பாதி கழிவதற்குள் உங்கள் வீட்டுக் கூடத்தில் சிவப்பு மூடி போத்தல்கள் வந்து இறங்கிவிடுகின்றன. முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை, சோமாசு, ஓமப்பொடி ஒரு பக்கம். அன்னாசி டார்ட், கார்ன்ஃபிளேக்ஸ் பிஸ்கட், செம்பிரிட் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வரிசையில் 'மினி பர்கர்' பிஸ்கட்டும் இடம்பிடித்துவிட்டது. இரண்டு சிறு வட்டங்கள், நடுவில் சாக்லெட், தலையில் நாலு எள். பார்த்தால் பர்கர், கடித்தால் பட்டர் பிஸ்கட். அதைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பர்கரைச் செய்யப் பழகிய அதே கையால் உளுந்து வடையையும் பருப்பு வடையையும் இட்லியையும் தோசையையும் அதே சிறிய அளவில் இனிப்பு பிஸ்கட்டாகச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டும் வேலை என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். ஒரு வடை எப்படி இருக்கும் என்று கூர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டவரால்தான் அதைச் சின்னதாகச் செய்ய முடியும் என்பதால், இதை நான் கைத்தொழிலாகவே மதிக்கிறேன்.

உப்புப் பண்டத்தின் உருவத்தை இனிப்புக்குக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. சீனப் பெருநாளுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் செய்யும் காளான் பிஸ்கட்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மாவை உருட்டி வைத்து, ஒரு சின்ன போத்தலின் வாயைக் கொக்கோ தூளில் தொட்டு, உருண்டையின் நடுவில் அழுத்துகிறார்கள். போத்தல் வாய்க்குள் ஏறிய மாவு காம்பாக நின்றுவிடுகிறது, சுற்றிலும் பழுப்பு வளையம் விழுகிறது, மிச்சம் குடையாக விரிகிறது. ஒரே அழுத்தில் காளான். அதற்கென்று தனி அச்சு கூட வேண்டியதில்லை. மலாய்க்காரர் வீட்டு பாஹுலுவைப் பாருங்கள். முட்டையும் சீனியும் மாவும் அடித்துப் பித்தளை அச்சில் ஊற்றி எடுக்கும் அந்தப் பணியாரத்துக்குப் பூ வடிவம் உண்டு, மீன் வடிவமும் உண்டு. குவே பங்கிட் மர அச்சுகளிலும் மீன் செதுக்கியிருப்பார்கள். படகு வந்து மீன் இறங்கும் கோலா கெடா போன்ற ஊரில் இனிப்பு மீன் ஒரு தட்டிலும் உப்பு மீன் இன்னொரு தட்டிலும் இருப்பதை யாரும் விநோதமாக நினைப்பதில்லை.

புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டினால் தாய்லாந்துக்காரர்களின் லூக் சுப் கிடைக்கும். நமக்கு அது மிக நெருங்கிய பாடம் என்று நினைக்கிறேன். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் கிளறி, விரல் நுனி அளவு பழங்களாகவும் காய்களாகவும் சிவப்பு மிளகாயாகவும் பிடித்து, வண்ணம் தீட்டி, கடற்பாசிக் கூழில் முக்கி எடுத்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். இதன் மூலம் போர்த்துக்கீசியரின் பாதாம் விழுது மிட்டாய். பாதாம் விளையாத ஊரில் பாசிப்பருப்பு அந்த இடத்துக்கு வந்தது, உருவங்களும் அந்த ஊர்த் தோட்டத்துக் காய்கனிகளாக மாறின. ஜப்பானில் மெய்ஜி நிறுவனம் 1975-இல் காளான் வடிவ சாக்லெட் பிஸ்கட்டையும் 1979-இல் மூங்கில் குருத்து வடிவத்தையும் கொண்டுவந்தது. இரண்டும் இன்றைக்கும் விற்கின்றன. எது உசத்தி என்று அந்நாட்டவர் இன்னமும் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். ஐரோப்பியத் தின்பண்டம் எதையும் பார்த்து அவர்கள் அந்த வடிவத்தை எடுக்கவில்லை, தங்கள் மலையடிவாரத்தில் முளைப்பதையே எடுத்தார்கள். கைமுறையை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். உருவத்தைச் சொந்த ஊரிலிருந்து எடுத்தால் அது நிலைக்கிறது.

நம் அடுப்படியே இனிப்பையும் காரத்தையும் ஒரே உருவத்தில் வார்த்து விளையாடிய அடுப்படிதான். கோகுலாஷ்டமிக்கு வெல்லச்சீடையும் உப்புச்சீடையும் ஒரே அளவில் உருட்டப்படுகின்றன. எண்ணெயிலிருந்து எடுத்தபின் நிறத்தைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். பூரணம் வைத்த சுசியத்தையும் உருளைக்கிழங்கு வைத்த போண்டாவையும் தூரத்திலிருந்து பார்த்தால் வேற்றுமை தெரியாது. சோமாசையும் கறிபாப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதே அரைநிலா, அதே ஓர மடிப்பு. ஒன்றில் தேங்காயும் சீனியும், மற்றதில் உருளைக்கிழங்குக் கறி. தேன்குழல் என்ற பெயரில் தேன் இருக்கிறது, பண்டம் உப்பு. அச்சு முறுக்கு என்ற பெயரில் முறுக்கு இருக்கிறது, பண்டம் இனிப்பு. மலாய்க்காரர்களின் டெண்டெராம், பெனெராம் என்றும் சொல்வார்கள், நம் அதிரசத்துக்கு உடன்பிறப்பு. அதையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்து சீனிப்பாகில் புரட்டிய குவே கெரியாவையும் ஓட்டையோடு பார்க்கும்போது, பசார் மாலாம் வெளிச்சத்தில் உளுந்து வடை என்றே கண் முதலில் சொல்லும். ஆக, வடை உருவில் ஓர் இனிப்பு என்பது கெடாவில் ஏற்கெனவே தட்டில் இருக்கிற சங்கதி. நாம் அதைச் சின்னதாக்கி, வேண்டுமென்றே செய்யப்போகிறோம், அவ்வளவே.

அப்படியானால் பர்கர் ஏன் விற்கிறது, வடை ஏன் இன்னும் போத்தலில் ஏறவில்லை? பர்கர் வெள்ளைக்காரன் பண்டம், அந்த மோகத்தில் வாங்குகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1979-இல் தொடங்கிய ராம்லி நிறுவனம், பர்கரை இந்த நாட்டுச் சாலையோரத் தள்ளுவண்டிக்குக் கொண்டுவந்துவிட்டது. முட்டையில் சுற்றி, கிச்சாப்பும் மயோனிஸும் ஊற்றிய அந்த பர்கரைத் தின்று வளர்ந்தவர்களுக்கு மினி பர்கர் பிஸ்கட்டில் தெரிவது தங்கள் தெருமுனைக் கடை. தெரிந்த ஒன்றை எதிர்பாராத இடத்தில், எதிர்பாராத அளவில் பார்க்கும்போது முகத்தில் சிரிப்பு வருகிறது. இந்த பிஸ்கட்டின் முழு வித்தையும் அதுதான். வாங்குகிறவருக்கு மூலப்பண்டம் தெரிந்திருக்க வேண்டும். கெடாவில் வடை தெரியாதவர் யார்? முறுக்கை மலாய்க்காரர்களும் சீனர்களும் 'முருக்கு' என்று நம் சொல்லாலேயே கேட்டு வாங்குகிறார்கள். தோசையும் வடையும் எல்லா இனத்தாரும் உட்கார்ந்து சாப்பிடும் கடைப் பண்டங்கள். திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர் போத்தல் மூடியைத் திறந்ததும் 'வடை!' என்று சொல்லக்கூடிய ஊர் இது. அந்த அறிமுகத்தை நம் முன்னோர் உழைத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டுப் பர்கரை மட்டும் செய்துகொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதில் இன்னொரு காரணமும் அடங்கியிருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்குப் போயும் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு நகர்ந்தபிறகு, வடை சுடுவது வீட்டு வேலையிலிருந்து கடை வேலையாகிவிட்டது. ஆட்டுக்கல் போய்விட்டது. மாவு பொங்கும் பதம், கையை நனைத்துத் தட்டும் விதம், ஓட்டை போடும் விரல் எல்லாம் பார்த்துப் பழக வேண்டியவை, பார்ப்பதற்குத்தான் அடுப்படி இல்லை. பிஸ்கட் வடை அந்த அறிவை முழுவதுமாகக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைச் செய்ய உட்காரும் பெண்ணும், பக்கத்தில் நிற்கும் பிள்ளையும், வடையை வடையாகக் காட்டுவது எது என்று ஒருமுறையாவது யோசித்தே ஆக வேண்டும். ஓட்டை ஏன் இருக்கிறது? அழகுக்கு இல்லை, நடு மாவு வேகாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்கு. அந்தக் கேள்வி அந்த வீட்டில் எழுந்தாலே எனக்குப் போதும்.

செய்முறைக்குள் கொஞ்சம் இறங்குகிறேன், ஏனெனில் இந்த பிஸ்கட் நிற்பதும் விழுவதும் அங்கேதான். ஒரு பங்கு சீனி, இரண்டு பங்கு பட்டர், மூன்று பங்கு மாவு என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. உளுந்து வடைக்கு வெள்ளைச் சீனிக்குப் பதில் குலா மலாக்காவைத் துருவிப் போட்டால் நிறம் தானாகவே பொன்பழுப்பாக வந்துவிடும், சாயம் தேவையில்லை. மிளகுக்குக் கறுப்பு எள். கறிவேப்பிலைக்குப் பூசணி விதையைப் பொடியாக நறுக்கிப் போடலாம். பச்சைத் துணுக்காக அங்கங்கே தெரியும், வாயில் பருப்புச் சுவை தரும். மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குத் தட்டி, நடுவில் உறிஞ்சு குழாயால் ஓட்டை போட்டபின் தட்டை அரைமணி நேரமாவது குளிர்பெட்டியில் வையுங்கள். பட்டர் இறுகாமல் ஓவனுக்குள் போனால் மாவு பரந்து ஓட்டை மூடிக்கொள்ளும், வடை அடையாகிவிடும். மேற்பரப்பை வழவழப்பாக்க வேண்டாம். முள்கரண்டியால் லேசாகக் கீறிவிட்டால் எண்ணெயில் பொரிந்த மேடுபள்ளம் கிடைக்கும். பருப்பு வடை இதைவிடச் சுலபம். பொட்டுக்கடலையை ஒன்றிரண்டாக உடைத்து மாவில் கலந்து, காய்ந்த மிளகாய்க்கு கிரான்பெரியை நறுக்கிப் போட்டு, ஓரம் பிய்ந்த மாதிரியே விட்டுவிடலாம். ஒழுங்கில்லாமல் இருந்தால்தான் அது பருப்பு வடை.

இட்லிக்கும் தோசைக்கும் அக்கம்பக்கத்துச் சமையலையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குவே பங்கிட்டுக்கு மரவள்ளி மாவைப் பாண்டான் இலையோடு சட்டியில் வறுத்து ஈரத்தைப் போக்கி, கெட்டித் தேங்காய்ப்பாலில் பிசைகிறார்கள். மிதமான சூட்டில் வெளுப்பு மாறாமல் எடுத்தால் நாக்கில் வைத்ததும் கரைகிற பிஸ்கட் அது. மீன் அச்சுக்குப் பதில் சின்னக் குழிக்கரண்டியில் அழுத்திக் கவிழ்த்தால் இட்லி. குவே காப்பிட் ஏற்கெனவே தோசைதான். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் கலந்த கரைசலை இரும்பு இடுக்கியில் மெல்லியதாகச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் மடிக்கிறார்கள். விசிறி மடிப்பை விட்டுவிட்டுக் குழலாகச் சுருட்டினால் கடைத் தட்டில் வரும் நெய்த் தோசை கண்முன் நிற்கும். மூன்று இனத்தாரின் கைமுறையும் ஒரே போத்தலுக்குள் சேர்கிறது. கெடாவுக்கு இதைவிடப் பொருத்தமான தீபாவளிப் பலகாரம் எனக்குத் தோன்றவில்லை.

இனி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ஒன்று போல் காட்டி இன்னொன்றைத் தின்னக் கொடுப்பது ஏமாற்று என்பது முதலாவது. பார்வைக்கு வலுவாகத் தெரியும் இந்த வாதத்தை நம் வழக்கமே ஏற்றுக்கொள்வதில்லை. புரட்டாசி விரதத்தில் நம் வீடுகளில் 'சைவ மட்டன்' சமைக்கிறோம், சீனர் கடைகளில் சைவ மீனும் வாத்தும் விற்கிறார்கள். மாமிசத்தைத் தொடாதவர் மாமிச உருவத்தைத் தெரிந்தே உண்கிறார். தெரிந்து உண்பதில் ஏமாற்று இல்லை. 1987-இல் ஐரோப்பியக் கூட்டமைப்பு இப்படிப்பட்ட போலி உருவங்களைப் பற்றி ஓர் ஆணை கொண்டுவந்தபோது, தின்னத் தகாத பொருள் தின்பண்டம்போல் தோன்றிப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடும் ஆபத்தையே தடுக்கப் பார்த்தது. இங்கே இரண்டும் உணவு. ஆனாலும் இந்த வாதத்துக்குள் ஓர் உண்மை இருக்கிறது, அதை நான் தட்டிக்கழிக்கமாட்டேன். இனிப்பை ஒதுக்கி வைத்திருக்கும் ஒருவர் கார வடை என்று நம்பி இனிப்பு வடையை எடுத்துவிடலாம். முந்திரி ஒவ்வாத பிள்ளை, உளுந்து வடையில் முந்திரி இருக்காது என்ற தைரியத்தில் கடித்துவிடலாம். சின்னதாகச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உள்ளங்கை அளவில் செய்த இனிப்பு வடை கண்ணை ஏமாற்றும். மூன்று சென்டிமீட்டர் வடையைப் பார்த்ததும் இது வடை இல்லை என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். முறுக்கு விஷயத்தில் இந்தக் காவல் இல்லை, ஏனெனில் நிஜ முறுக்கே அந்த அளவில் வருகிறது. ஆகவே முறுக்கு உருவத்தில் இனிப்பு பிஸ்கட் வேண்டாம் என்பது என் கருத்து. வடை பிஸ்கட்டையும் நிஜ வடையையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள்.

போத்தல் மேல் ஒட்டும் சீட்டும் இதோடு சேர்ந்தது. மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் கோதுமை முதலிய குளூட்டன் தானியம், கடலை கொட்டை வகை, மீன், பால், முட்டை ஆகியவை கலந்திருந்தால் சீட்டில் குறிக்கச் சொல்கின்றன. வேறொன்றின் உருவத்தில் இருக்கும் பண்டத்துக்கு இது இரட்டிப்பு அவசியம். முட்டை இருக்கிறதா என்பது நம்மில் பலருக்கு விரத விஷயமும் கூட. இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் சான்றிதழ் இல்லாமல் ஹலால் முத்திரையை ஒட்டக் கூடாது என்பது சட்டம். அதற்குப் பதில் சேர்மானத்தைத் தமிழிலும் மலாயிலும் வரிவரியாக எழுதிவிட்டால், அண்டை வீட்டுக்காரர் தாமே படித்து முடிவு செய்துகொள்வார். பெயரும் 'வடை' என்று மட்டும் நிற்காமல் 'வடை பிஸ்கட்' என்றே இருக்கட்டும். 2016-இல் 'பிரெட்சல் டாக்' என்ற பெயரை மாற்றச் சொல்லி ஜாக்கிம் கேட்டபோது நாடெங்கும் எழுந்த பேச்சு நினைவிருக்கும். பண்டம் என்ன என்பதைப் பெயர் குழப்பக் கூடாது என்று இந்நாட்டில் எதிர்பார்க்கிறார்கள்.

சீனி பற்றிய ஆட்சேபம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் மிக அதிகம். ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். இந்த நிலையில் காரமாக இருந்ததையும் இனிப்பாக்கச் சொல்வது நியாயமா என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி அக்கறையிலிருந்து வருகிறது. நான் கேட்பது, ஏற்கெனவே விற்கும் இனிப்பு போத்தல்களில் ஒன்றின் இடத்தில் இதை வையுங்கள் என்பது. கூடுதலாக ஒரு போத்தல் இனிப்பு வேண்டாம், முறுக்கு, ஓமப்பொடி இடத்தில் கைவைக்கவும் வேண்டாம். பெரிய போத்தலுக்குப் பதில் பன்னிரண்டு பதினைந்து வடை கொள்ளும் சின்ன டப்பாவில் கொடுங்கள். வேடிக்கைப் பண்டத்தை ஒன்றிரண்டு எடுத்து ரசித்ததும் மனம் நிறைந்துவிடும், கை நிறைய அள்ளுவதற்கு அது ஏற்றதும் இல்லை. 'குலா மலாக்கா போட்டது, உடம்புக்கு நல்லது' என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அதுவும் சீனிதான்.

நம் பலகாரத்தைப் பொம்மையாக்கிக் கொச்சைப்படுத்துகிறோம் என்பவர்களுக்கு நவராத்திரிக் கொலுவை நினைவுபடுத்த விரும்புகிறேன். செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசியும் பருப்பும் குவித்து வைக்கிறோம். விரல் நீளச் சொப்பில் சோறு பொங்கி விளையாடிய பிள்ளைகள் நிஜச் சோற்றை மட்டமாக நினைக்கவில்லை, பொங்கத்தான் கற்றுக்கொண்டார்கள். மதிக்கும் ஒன்றைச் சின்னதாகச் செய்து மடியில் வைத்துக்கொள்வது நமக்குப் பழைய வழக்கம்.

கூலி கட்டுமா என்ற கேள்வி உங்களுடையது, அதற்கு நான் நேராகப் பதில் சொல்ல வேண்டும். ஐம்பது வடைக்கு ஒவ்வொன்றும் உருட்ட, தட்ட, ஓட்டை போட, கீற என்று நாலு முறை கைபட்டால் இருநூறு கைவேலை. கார்ன்ஃபிளேக்ஸ் பிஸ்கட் விலைக்கு இதைக் கொடுத்தால் உழைப்பு நஷ்டம். அன்னாசி டார்ட்டை விடக் கூடுதலாகவே விலை வையுங்கள், கூச்சப்பட வேண்டாம். மினி பர்கருக்குக் கொடுக்கிறவர் இதற்கும் கொடுப்பார். தெக்குன், அமானா இக்தியார் சிறுதொழில் கடனில் ஓவன் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். எல்லாரும் செய்யும் பிஸ்கட்டை எல்லாரும் செய்தால் விலை இறங்கிக்கொண்டே போகும், தவணை இறங்காது. லங்காவி படகுத்துறைக்கு வருகிறவர் கையில் எடுத்துப்போக, கெடா தமிழர் வீட்டில் செய்தது என்று முகம் பார்த்தே சொல்லக்கூடிய ஒரு டப்பா இதுவரை இல்லை.

தொடங்குவதற்கு நவராத்திரியை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. முதல் ஈடு பருப்பு வடையாக இருக்கட்டும், தவறினாலும் தெரியாது. கொலுவில் செட்டியார் பொம்மைக்கு முன் ஒரு சின்ன வாழையிலைத் துண்டில் நாலைந்து வடையும் இரண்டு இட்லியும் ஒரு தோசையும் வையுங்கள், வருகிற பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் நடுவில் ஏறக்குறைய இருபது நாள் இருக்கிறது. அந்த ஈட்டில் ஒரு டப்பாவை நன்றாக மூடி எடுத்து வைத்து, ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒன்றை உடைத்துப் பாருங்கள். இந்த மழைக்காலக் காற்றில் எத்தனை நாள் மொறுமொறுப்பு நிற்கிறது, ஓட்டையின் ஓரம் விரிகிறதா, பொட்டுக்கடலை நமத்துப்போகிறதா என்பதெல்லாம் ஆர்டர் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.